குளிர்காலக் காலையில் பாய்லர் பற்றவில்லையா? வெளிக் குழாயைப் பாருங்கள்

லண்டன் வீடு, கேஸ் காம்பி பாய்லர் (வீட்டைச் சூடாக்குவதும் வெந்நீர் தருவதும் ஒரே பெட்டி). இரவு மைனஸ் 5 டிகிரி. காலையில் மூன்று முறை பற்ற முயன்று லாக் ஆகிவிட்டது, அதாவது ரீசெட் செய்யும்வரை மறுபடி பற்றாது. உள்ளே கொடகொடவென்று சத்தம்.

பாய்லர் நீரின் பிரஷர் 1.2 பார், சரிதான் (ஆறிய நிலையில் 1 முதல் 1.5 வரை இருக்கலாம்). தெர்மோஸ்டாட் (அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) சூடு கேட்கிறது, அடுப்பில் கேஸ் வருகிறது. மிச்சம் கண்டென்சேட் குழாய், அதாவது பாய்லரின் கழிவுநீர்க் குழாய். கொடகொட சத்தமே பாதி விடை. புகையின் நீராவி குளிர்ந்து, லேசான அமில நீராக அந்த பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். வெளிச்சுவரில் அது உறைந்தால் நீர் திரும்பிப் பாய்லருக்குள் தேங்கும்; பாய்லர் தானே நின்றுகொள்ளும்.

பாய்லரை அணைத்துவிட்டு, வளைவுகளிலும் வடிகால் முனையிலும் வெதுவெதுப்பான நீரை நான்கு ஜக் ஊற்றினேன். கொதிநீர் வேண்டாம், குழாய் விரிசல் விடும். முனையில் நீர் சொட்டியதும் ரீசெட். பற்றிக்கொண்டது.

மூலக்காரணம் குழாயின் அளவு: வெளியே வெறும் 21.5 மிமீ, எளிதில் உறைந்துவிடும். 32 மிமீ குழாயாக மாற்றி, மீட்டருக்கு 45 மிமீ சரிவு கொடுத்து, மழை தாங்கும் குளிர்காப்பு உறையும் சுற்றியாயிற்று. பாய்லர் மூடியை மட்டும் நாமே திறக்கக் கூடாது. அது கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் பணியாளர் பதிவேடு) பதிவு பெற்றவர் வேலை.