சாலட் கீரைகள்: எந்த இலையில் என்ன சத்து, அது உடலில் சேர என்ன செய்ய வேண்டும்

சாலட் என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது வெளிறிய பச்சை நிறத்தில், கடித்தால் நறுக்கென்று உடையும் லெட்யூஸ் இலைதான். அந்த இலையில் குறை ஒன்றுமில்லை. கிண்ணத்தில் விழும் எல்லா இலைகளும் ஒரே அளவு சத்தைத் தருகின்றன என்று எண்ணிக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. 100 கிராம் ஐஸ்பர்க் லெட்யூஸில் வைட்டமின் கே ஏறத்தாழ 24 மைக்ரோகிராம் இருக்கிறது. அதே எடையுள்ள பாலக்கீரையில் ஏறத்தாழ 480 மைக்ரோகிராம் இருக்கிறது. இருபது மடங்கு வேறுபாடு. ஆயினும் இத்தகைய எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கீரைகளுக்கு முதலிடம், கடைசி இடம் என்று பரிசு வழங்கப் புறப்பட்டால் வேறொரு பிழையில் போய் விழுவோம். இலையில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு தட்டுக்கு வருகிறது, வந்ததில் எவ்வளவு குடலைத் தாண்டி உடலில் சேர்கிறது என்பவை அடுத்த இரண்டு கேள்விகள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேர்வு சரியாக அமையும்.

பெயர் பற்றி ஒரு சொல். ஸ்பினாச் என்று உலகெங்கும் விற்கப்படும் இலையையே இங்குப் பாலக்கீரை என்று குறிப்பிடுகிறேன். இதைப் பசலைக்கீரை என்றும் பலர் எழுதுகிறார்கள். ஆனால் பசலை என்பது தாவரவியலில் வேறு குடும்பத்தைச் சேர்ந்த கொடி. சத்துப் பட்டியல்களைப் படிக்கும்போது இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது.

நிறமே முதல் வழிகாட்டி

கடையில் பட்டியலைப் பிரித்துப் பார்க்க எவருக்கும் நேரமிருக்காது. அங்கே உதவுவது கண். இலையின் கரும்பச்சைக்கும் அதன் சத்துக்கும் நேரடியான தொடர்பு உண்டு. ஏனெனில் வைட்டமின் கே, பீட்டா கரோட்டின், லூட்டின் ஆகிய மூன்றும் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகங்களில்தான் இருக்கின்றன. வெயில் படும் இலையில் பசுங்கணிகங்கள் மிகுதி. உருண்டையாக மூடிக்கொண்டு வளரும் ஐஸ்பர்க்கின் உள் இலைகளுக்கோ வெளிச்சமே எட்டுவதில்லை. ஐஸ்பர்க்கும், நீண்ட இலைகளைக் கொண்ட ரோமெய்ன் லெட்யூஸும் ஒரே தாவர இனத்தின் இரு வகைகள்தாம். அப்படியிருந்தும், பீட்டா கரோட்டினிலிருந்து உடல் உருவாக்கிக்கொள்ளும் வைட்டமின் ஏ-யின் மதிப்பு 100 கிராம் ரோமெய்னில் சுமார் 430 மைக்ரோகிராம், ஐஸ்பர்க்கில் சுமார் 25 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரே செடியிலும் இதே விதி செல்லும் என்பதால், வாடாமலும் அழுகாமலும் இருக்கும் வெளி இலைகளைக் கழித்துவிட்டு வெளிறிய குருத்தை மட்டும் உண்பது சத்தைக் குப்பையில் போடுவதற்கு ஒப்பாகும். சிவப்பு லெட்யூஸ், ரேடிக்கியோ போன்றவற்றின் செந்நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. அது பச்சை நிறமிகளுக்கு மாற்று இல்லை என்றாலும் கூடுதல் வரவுதான்.

மூன்று குடும்பங்கள், மூன்று குணங்கள்

சாலடில் சேரும் பெரும்பாலான இலைகளை மூன்று குடும்பங்களில் அடக்கிவிடலாம். லெட்யூஸ் வகைகளும், கசப்புச் சுவையுள்ள எண்டைவ், ரேடிக்கியோ ஆகியவையும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. லெட்யூஸில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர். 100 கிராமுக்குப் பதினைந்து கலோரியை ஒட்டியே ஆற்றல். அவற்றுள் ரோமெய்னைத் தனித்துச் சொல்லக் காரணம் அதிலுள்ள ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமின்: 100 கிராமில் சுமார் 136 மைக்ரோகிராம். ஃபோலேட் என்ற சொல்லே இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1941-இல் அதைப் பிரித்தெடுத்ததும் பாலக்கீரையிலிருந்துதான்.

முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த கேல், அருகுலா, வாட்டர்கிரெஸ் ஆகியவை காரமும் சற்றே கசப்பும் கொண்டவை. அந்தக் காரத்துக்குக் காரணமான குளுக்கோசினோலேட் சேர்மங்கள், இலையை நறுக்கும்போதோ மெல்லும்போதோ மைரோசினேஸ் என்னும் நொதியுடன் கலந்து புதிய பொருள்களாக மாறுகின்றன. நன்றாகக் கொதிக்கவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். இக்குடும்பத்து இலைகளைப் பச்சையாகவும் உண்பதற்கு இது ஒரு நியாயம். வைட்டமின் சி-யும் இவற்றில் மிகுதி: 100 கிராம் கேலில் 90 மில்லிகிராமுக்குக் குறையாது. தடித்த கேல் இலை மெல்லக் கடினமாக இருந்தால், நடு நரம்பை நீக்கி, சிட்டிகை உப்பும் சில துளி எண்ணெயும் சேர்த்து இரண்டு நிமிடம் கையால் பிசைந்தால் இணங்கிவிடும்.

மூன்றாவது குடும்பத்தில் பாலக்கீரை, பீட்ரூட் இலை, சார்டு ஆகியவை அடங்கும். தாளில் எழுதிப் பார்த்தால் இவையே செல்வந்தர்கள். பாலக்கீரையில் 100 கிராமுக்கு ஃபோலேட் ஏறத்தாழ 194 மைக்ரோகிராம், மெக்னீசியம் 79 மில்லிகிராம், இரும்பு 2.7 மில்லிகிராம், கால்சியம் 99 மில்லிகிராம். ஆனால் இந்தக் கால்சியத்தை நம்பி இருப்பது வீண். இலையிலுள்ள ஆக்சலேட் என்னும் சேர்மம் அதைப் பற்றிக்கொண்டு கரையாத உப்பாக்கிவிடுவதால், உடல் உறிஞ்சுவது ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. ஆக்சலேட் குறைந்த கேலிலோ 40 சதவீதம் வரையிலும் உறிஞ்சப்படுகிறது. பாலில் கிடைக்கும் விகிதத்தைவிடக்கூட இது அதிகம். ஆகவே கால்சியத்துக்காக இலை தேடுபவர் முட்டைக்கோஸ் குடும்பத்தின் பக்கம் போக வேண்டும். ஃபோலேட்டுக்கும் லூட்டினுக்கும் தேடுபவர் பாலக்கீரைக்கு வரலாம். லூட்டின், விழித்திரையின் நடுப்பகுதியில் சேர்ந்து நீல ஒளியை வடிகட்டும் மஞ்சள் நிறமி.

தரவரிசையும் தட்டும்

2014-இல் அமெரிக்காவின் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், 17 சத்துகளை அளவுகோலாகக் கொண்டு காய்கனிகளுக்கு மதிப்பெண் வழங்கினார். நூற்றுக்கு நூறு பெற்று முதலிடத்தில் நின்றது வாட்டர்கிரெஸ். பாலக்கீரைக்கு 86, ரோமெய்னுக்கு 63, கேலுக்கு 49, ஐஸ்பர்க்குக்கு 18. கேலைப் போற்றிப் பாடுபவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். கணக்கின் அடிப்படையைப் பார்த்தால் அதிர்ச்சி தணியும்: ஒவ்வொரு கலோரிக்கும் எவ்வளவு சத்து என்பதே அங்கு அளக்கப்பட்டது. 100 கிராமுக்கு 11 கலோரி மட்டுமே உள்ள வாட்டர்கிரெஸ் அத்தகைய கணக்கில் வெல்லாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் எவரும் கலோரியை எண்ணி வாட்டர்கிரெஸ் உண்பதில்லை. அதன் காரத்தால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எடைக் கணக்கும் இதேபோல் ஏமாற்றக்கூடியது. ஒரு கோப்பை பாலக்கீரை ஏறத்தாழ 30 கிராம்தான். அருகுலா 20 கிராம். நறுக்கிய ரோமெய்ன் 47 கிராம். இதன்படி ஒரு கோப்பைப் பாலக்கீரையில் கிடைக்கும் ஃபோலேட் சுமார் 58 மைக்ரோகிராம், ஒரு கோப்பை ரோமெய்னில் சுமார் 64 மைக்ரோகிராம். பட்டியலில் பின்தங்கிய ரோமெய்ன், தட்டில் சற்றே முந்திவிடுகிறது.

எனவே நான் பரிந்துரைக்கும் முறை இது: நிறைய உண்ணத்தக்க மென்மையான இலையை அடித்தளமாக வைத்து, அதன்மேல் அடர்த்தியான இலைகளைச் சிறிய அளவில் கலக்க வேண்டும். இரண்டு கோப்பை ரோமெய்ன், ஒரு கோப்பை பாலக்கீரை, அரைக் கோப்பை அருகுலா என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 135 கிராம், 26 கலோரி. அதில் ஃபோலேட் சுமார் 195 மைக்ரோகிராம், அதாவது வயது வந்தவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் 400 மைக்ரோகிராமில் ஏறத்தாழ பாதி, கிடைத்துவிடும். வைட்டமின் கே ஒரு நாள் தேவையைப் போல் இரு மடங்கைத் தொடும். இதே எடைக்கு ஐஸ்பர்க்கை மட்டும் உண்டால் கிடைக்கும் ஃபோலேட் 40 மைக்ரோகிராம்கூட இராது. ஐஸ்பர்க்கின் நறுக்கென்ற தன்மை இல்லாமல் சாலடே இறங்காது என்பவர்கள் பாதியளவு அதை வைத்துக்கொண்டு மறுபாதியை மாற்றினால் போதும். பிடிக்காத கேலை முகம் சுளித்து உண்பதைவிட அது நீடிக்கும் பழக்கம்.

எண்ணெயும் புளிப்பும்

சாலட்மேல் ஊற்றிக் கலக்கும் டிரெஸ்ஸிங் கொழுப்பில்லாமல் இருப்பதை உடல்நலத்தின் அடையாளமாகக் கருதுவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பீட்டா கரோட்டினும் லூட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை. 2004-இல் வெளியான அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், பாலக்கீரை, ரோமெய்ன், கேரட், தக்காளி ஆகியவை சேர்ந்த ஒரே சாலடை எண்ணெயே இல்லாமலும், 6 கிராம் எண்ணெயுடனும், 28 கிராம் எண்ணெயுடனும் உண்ணச் செய்து இரத்தத்தைச் சோதித்தார்கள். எண்ணெய் இல்லாதபோது, பீட்டா கரோட்டின் போன்ற கரோட்டினாய்டு நிறமிகள் உறிஞ்சப்பட்டதற்கான தடயமே ஏறத்தாழ இல்லை; எண்ணெயின் அளவு கூடக்கூட உறிஞ்சலும் கூடியது. அதற்காக இலைகளை எண்ணெயில் மிதக்கவிட வேண்டியதில்லை, ஏனெனில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. இருவருக்கான கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது நடுநிலையான அளவு. எண்ணெய்க்குப் பதிலாக வேர்க்கடலை, வால்நட், எள், அவகாடோ, முட்டை ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தாலும் அதே பணி நடக்கும்.

எலுமிச்சைச் சாறு சுவைக்காக மட்டும் பிழியப்படுவதன்று. இலைகளிலுள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படாத வகை. அதே வேளையில் உண்ணப்படும் வைட்டமின் சி அந்த உறிஞ்சலை உயர்த்துகிறது. பாலக்கீரையில் பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்களும் தடையாக நிற்பதால் இரும்புக்கு அதை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலும், இலைகள் மட்டுமே அடங்கிய கிண்ணம் ஒரு வேளை உணவாகாது. புரதம் இரண்டு மூன்று கிராமைத் தாண்டாது என்பதால் வேகவைத்த கொண்டைக்கடலையோ முட்டையோ சேர்க்கப்பட வேண்டும்.

அருகுலாவிலும் பாலக்கீரையிலும் நைட்ரேட் மிகுதி. அதை நைட்ரைட்டாக மாற்றுபவை நாவில் வாழும் நுண்ணுயிரிகள்; அதிலிருந்து உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. கிருமிநாசினி கலந்த வாய்க்கழுவியை அடிக்கடி பயன்படுத்துபவரிடம் இந்த மாற்றம் குன்றிவிடுகிறது.

கழுவுதலும் வைத்திருத்தலும்

இலைகளை ஓடும் நீரில் பிரித்துக் கழுவி, நன்றாக உலர்த்திய பின்னரே குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரம் அழுகலை விரைவுபடுத்தும், டிரெஸ்ஸிங்கையும் ஒட்டவிடாது. சோப்பு கூடாது. கழுவிவிட்டதாலேயே எல்லா நுண்ணுயிரிகளும் போய்விடுவதில்லை என்பதற்கு, 2006-இல் அமெரிக்காவில் பச்சைப் பாலக்கீரை மூலம் பரவிய ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் தொற்று சான்று. எனவே நசுங்கிய, பிசுபிசுத்த இலைகளை வாங்காமல் இருப்பதும், பச்சை இறைச்சி நறுக்கிய பலகையில் இலைகளை வைக்காமல் இருப்பதும் கழுவுதலுக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. வாங்கிய இரண்டு மூன்று நாள்களுக்குள் உண்டுவிடுவது நலம். 4 டிகிரி செல்சியஸில் வைத்தாலும் பாலக்கீரையின் ஃபோலேட்டில் ஏறத்தாழ பாதி 8 நாள்களில் குறைந்துவிடுகிறது. வாடத் தொடங்கிய கீரையைச் சிறிது எண்ணெயில் வதக்கிவிடலாம். வைட்டமின் சி குறைந்தாலும், இலையின் செல்கள் உடைவதால் பீட்டா கரோட்டின் எளிதாகக் கிடைக்கும்; கொள்ளளவு சுருங்குவதால் உண்ணும் அளவும் கூடும்.

எச்சரிக்கை தேவைப்படுவோர்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உட்கொள்பவர்கள் கரும்பச்சை இலைகளை அறவே ஒதுக்க வேண்டும் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. இரத்தம் உறைவதற்குத் துணைநிற்கும் வைட்டமின் கே-க்கு எதிராக அம்மருந்து வேலை செய்வது உண்மை; ஆனால் மருத்துவர்கள் வேண்டுவது இலைகளை விலக்குவதை அன்று, ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பதை. பல வாரம் இலையே தொடாதவர் திடீரென்று நாள்தோறும் பெரிய கிண்ணம் பாலக்கீரை உண்ணத் தொடங்கும்போதுதான் மருந்தின் அளவு தடுமாறும். மாற்றம் செய்யும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கால்சியம் ஆக்சலேட் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக்கீரை, சார்டு, பீட்ரூட் இலை ஆகியவற்றுக்குப் பதிலாக ரோமெய்னையும் கேலையும் தேர்ந்தெடுக்கலாம். எப்போதாவது பாலக்கீரை போன்ற ஆக்சலேட் மிகுந்த இலைகளை உண்ணும்போது தயிரோ பாலாடைக்கட்டியோ உடன் சேர்த்தால், ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்துடன் பிணைந்து வெளியேறும். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு, மற்றவர்கள் குறைத்து மதிப்பிடும் ஐஸ்பர்க்கே பெரும்பாலும் ஏற்ற இலை.