அனலைசரைத் திட்டும் முன் வளையத்தை அளந்து பாருங்கள்

"அண்ணா, அனலைசர் கெட்டுப்போச்சு போல."

பெங்களூரு யஷ்வந்த்பூர் பக்கம் ஓர் ஆய்வகத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இப்படித்தான் என்னைக் கூப்பிட்டார். அனலைசர் என்பது மாதிரிக்குள் ரேடியோ அலைகளை அனுப்பி, திரும்புவதையும் கடந்து போவதையும் அளக்கும் கருவி. அதில் வைத்தது நிக்கல்-துத்தநாக ஃெபரைட் (காந்தப் பீங்கான்) வளையம். விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் பதிலைச் சொல்லும் எண், பெர்மிட்டிவிட்டி) 14 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 11 காட்டியது. கருவியில் ஒன்றும் கோளாறில்லை. பீன்யாவில் ஒரு பட்டறையில் தேய்த்து வாங்கிய வளையம் அது. துளைதான் கொஞ்சம் பெரிது.

இந்த வேலையில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், துளைக்கும் அதற்குள் போகும் கம்பிக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிதான். வளையத்தை வைத்து அளப்பது கோஆக்சியல் லைனில்: நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் ஓர் உலோகக் குழாய். 7 மி.மீ. லைனில் உள்கம்பியின் விட்டம் 3.04 மி.மீ. வளையத்தின் துளை 3.09 மி.மீ. என்றால் சுற்றிலும் 0.025 மி.மீ. காற்று, தலைமுடியை விட மெல்லியது. ஆனால் மின்புலம் கம்பியிலிருந்து வெளிநோக்கிப் போகிறது, கம்பியை ஒட்டித்தான் மிகவும் வலுவாக இருக்கிறது. அந்தக் காற்று, தொடரிணைப்பில் மாட்டிய ஒரு மின்தேக்கி மாதிரி நின்றுவிடும். கணக்குப் போட்டால் உண்மையான 14, சுமார் 11.2 ஆகத் தெரியும்.

உட்புகுதிறனுக்கு (காந்தப்புலத்துக்கான அதே மாதிரி எண், பெர்மியபிலிட்டி) அவ்வளவு அடி இல்லை. காந்தப்புலம் கம்பியைச் சுற்றி வளையமாகப் போவதால் இடைவெளி அதைக் குறுக்கே வெட்டுவதில்லை. அதே இடைவெளியில் 14 என்ற உட்புகுதிறன் 13.7 அளவுக்குத்தான் இறங்கும். இதனால்தான் "காந்த எண் சரியாக வருகிறது, அப்போ வளையம் சரி" என்று பலர் ஏமாறுகிறார்கள்.

வளையத்தின் உள், வெளிச் சுவர்களில் வெள்ளிப் பெயின்ட் பூசுங்கள். தட்டையான முகங்களில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, பட்டால் லைனே ஷார்ட். பூச முடியாவிட்டால் மைக்ரோமீட்டரால் அளந்து திருத்தம் போடலாம். இறுக்கமாக இருக்கிறதே என்று தட்டி மட்டும் ஏற்றாதீர்கள். அழுத்தமே ஃபெரைட்டின் காந்தக் குணத்தை மாற்றிவிடும், விரிசலும் விடும்.

அடுத்தது நீளம். கருவி தரும் அளவிலிருந்து இந்த இரண்டு எண்களையும் கணக்கிட அதிகம் பயன்படும் நிக்கல்சன்-ராஸ்-வெயர் முறை, மாதிரியின் நீளம் அரை அலைநீளத்தை நெருங்கும்போது தடுமாறும், அதிலும் இழப்பு குறைந்த (அலையின் ஆற்றலை அதிகம் விழுங்காத) பொருளில். 10 கிகாஹெர்ட்ஸில், விடுதிறன் 14, உட்புகுதிறன் 1 என்றால் உள்ளே அலைநீளம் 8 மி.மீ. அங்கே 4 மி.மீ. வளையம் வைத்தால் வரைபடம் முள்முள்ளாக எழும்பும். அதைப் பொருளின் ஒத்ததிர்வு என்று எழுதியவர்களும் உண்டு! 2 மி.மீ. வளையம் வையுங்கள். வைக்கும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்: 1 மி.மீ. தள்ளினால் எதிரொலிப்பின் கட்டம் 24 பாகை மாறும்.

கேலிப்ரேஷன் (கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கருவி சூடேறட்டும், கேபிளை வளைக்காதீர்கள், கனெக்டரை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். அவ்வளவுதான்.

பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டொராய்டில் (ஃபெரைட் வளையம்) பத்துச் சுற்று கம்பி சுற்றி 100 மெகாஹெர்ட்ஸில் அளப்பது இன்னொரு பழக்கம். அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கத்தைத்தான். ஒரே ஒரு சுற்று மட்டும் வரும்படி மாதிரியைப் பிடிக்கும் ஃபிக்சர் வேண்டும். முன்பு காந்தத்தின் பக்கத்தில் கிடந்த மாதிரியானால், முதலில் காந்தநீக்கம் செய்யுங்கள்.

கிடைத்த எண் பொருளுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க ஸ்னூக் எல்லை இருக்கிறது: உட்புகுதிறன் கூடக் கூட, ஒத்ததிர்வு குறைந்த அதிர்வெண்ணுக்கு இறங்கும். இத்தகைய ஃபெரைட்டில் தொடக்க உட்புகுதிறன் (மெல்லிய புலத்தில், குறைந்த அதிர்வெண்ணில் உள்ளது) 100 என்றால் ஒத்ததிர்வு சில பத்து மெகாஹெர்ட்ஸில் வந்துவிடும், அதற்கு மேல் எண் விழுந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸிலும் 100 நிற்கிறது என்றால் நம்பாதீர்கள். எண்ணின் இழப்புப் பகுதி (பொருள் விழுங்கும் ஆற்றலைக் காட்டுவது) எதிர்க்குறியில் வந்தாலும் அப்படித்தான். ஃபெரைட் சும்மா ஆற்றல் தராது.

மாணவர் அன்று சாயங்காலம் பெயின்ட் பூசி, காயவைத்து, மறுபடி அளந்தார். விடுதிறன் 13.8. காந்த எண் காலையில் வந்ததிலிருந்து அதிகம் நகரவில்லை.