பிரின்சிபலுக்கு எந்த எழுத்து? ஒரு டியூஷன் ஆச்சியின் வழி

காரைக்குடியில் ஒரு மெஸ் வாசலில் ‘கோழிக் கரி வறுவல்’ என்று சாக்பீஸால் எழுதிப் போட்டிருந்தார்கள். கரியை யார் தின்பது என்று என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே பிள்ளைகள்தான் அன்று சாயங்காலம் வங்கித் தேர்வு மாதிரித் தாளில் கடன் தொகையைக் குறிக்கும் ‘பிரின்சிபல்’ என்ற சொல்லை ‘எல்-இ’ போட்டு முடித்திருந்தார்கள். இரண்டும் ஒரே சங்கடம்தான். நம் வாயில் ரகரமும் றகரமும் எப்போதோ கலந்துவிட்டன, எழுத்து மட்டும் பழசை விடவில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே.

ஒரே ஓசையில் இரண்டு சொல் வந்தால் உடனே மனப்பாடத்தில் இறங்காதீர்கள். இவை ஒரே வேரில் பிறந்த பங்காளிகளா, உறவே இல்லாத அசலா என்று முதலில் பாருங்கள். நல்ல அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில் அதன் பிறப்பு இரண்டு வரியில் இருக்கும். யாரும் படிக்காத அந்த வரிதான் நமக்கு வேண்டியது.

பிரின்சிபலையே எடுத்துக்கொள்வோம். நானும் இதில் யோக்கியம் இல்லை. இருபத்து நான்கு வயதில் ஒரு நிதி அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, ‘தங்கள் முதல் இவ்வளவு’ என்று போக வேண்டிய கடிதங்களை ‘தங்கள் கொள்கை இவ்வளவு’ என்ற அர்த்தத்தில் அடித்து அனுப்பிவிட்டேன். மேனேஜர் சிரிக்கவில்லை. இரண்டு சொல்லுக்கும் லத்தீனில் ‘முதலில் நிற்பவர்’ என்று பொருள்படும் ‘பிரின்செப்ஸ்’தான் வேர். ‘ஏ-எல்’லில் முடிவது தலைமையானது, முதன்மையானது. ‘எல்-இ’யில் முடிவது தொடக்கம் என்ற பொருளிலிருந்து அடிப்படை, கொள்கை என்று போனது. இப்போது தமிழைப் பாருங்கள். கடனில் முதல், கல்லூரியில் முதல்வர். இரண்டுக்கும் ‘ஏ-எல்’தான்! வாக்கியத்தில் ‘முதல்’ பொருந்தினால் ‘ஏ-எல்’, ‘கொள்கை’ பொருந்தினால் ‘எல்-இ’. வட்டிக் கணக்குப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது எப்படி மறக்கும்?

ஸ்டேஷனரியும் பங்காளிச் சண்டைதான். ‘ஏ-ஆர்-ஒய்’ போட்டால் நகராமல் நிற்பது, ‘இ-ஆர்-ஒய்’ போட்டால் பேனா, பேப்பர். இடைக்கால ஐரோப்பாவில் பல வியாபாரிகள் தலைச்சுமையாகச் சுற்றி விற்றபோது, ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை ‘நிற்கிறவர்’ என்ற பொருளில் ஸ்டேஷனர் என்றார்கள். பேக்கரிடம் கிடைப்பது பேக்கரி மாதிரி ஸ்டேஷனரிடம் கிடைப்பது ஸ்டேஷனரி. பேக்கரியில் ‘இ’ இருக்கிறதே, அதேதான் இங்கேயும். எங்கள் தெருக்கோடிக் கடைப் பலகையில் ‘ஏ’தான் இருக்கிறது. சொன்னேன். “நாப்பது வருசமா இந்த எடத்தவிட்டு நகரலயே ஆச்சி, அப்பச் சரிதானே?” என்றார் கடைக்காரர். பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது செக். பாரசீகத்தில் அரசனுக்கு ‘ஷா’ என்று பெயர். சதுரங்கத்தில் அரசனை மடக்கும்போது சொன்னது ஐரோப்பாவுக்குப் போய் ‘செக்’ ஆனது, பிறகு தடுப்பது, சரிபார்ப்பது என்று விரிந்தது. சதுரங்கப் பலகையின் கட்டமும் அதே பெயரை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து அரசுக் கருவூலத்தில் கட்டம் போட்ட துணியை மேசையில் விரித்து அதன்மேல் காய் நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். அதனால் கருவூலத்துக்கே எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்தது. அதன் சாயலில்தான் பாங்க் செக்குக்கு ‘கியூ-யு-இ’ என்ற வால். அமெரிக்காவில் அதையும் ‘சி-கே’ என்றே எழுதுவார்கள், குழம்ப வேண்டாம். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தது. அங்கே மாற்றிய செக்கும், அதை மாற்றப் போன ஆச்சி கட்டியிருந்த கண்டாங்கிச் சேலையின் கட்டமும் ஒரே ஷாவின் வாரிசு!

பூவைக் குறிக்கும் ஃபிளவரும் மாவைக் குறிக்கும் ஃபிளவரும் பங்காளிகூட இல்லை, ஒரே ஆள். தானியத்தை அரைத்துச் சலித்ததில் நைசான பாகத்தை அதன் ‘பூ’ என்றார்கள். எழுத்து பிரிந்து நிலைத்தது பின்னால்தான். அதிரசத்துக்கு மாவு சலிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள், மாவுக்கு ‘ஓ-யு-ஆர்’.

அசல் சொற்களுக்கு உறவு தேடி நேரத்தைக் கொட்டாதீர்கள். எழுதுவதைக் குறிக்கும் ரைட்டுக்கு முன்னால் ஒரு ‘டபிள்யூ’ சும்மா நிற்கிறது. ஒரு காலத்தில் அதை வாய்விட்டு உச்சரித்தார்கள். அந்தச் சொல்லின் ஆதிப்பொருள் கீறுவது, நம் எழுத்தாணி ஓலையில் செய்த வேலை. ‘சரி’ என்ற ரைட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வீரனைக் குறிக்கும் நைட்டின் ‘கே’யும் இதே கதை.

அப்புறம் பயிற்சி. வாரம் நான்கு ஜோடி போதும். வீட்டில் யாரையாவது முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள், தனிச்சொல்லாக வேண்டாம். கம்ப்யூட்டரின் பிழைதிருத்தியை நம்பி உட்காராதீர்கள். இரண்டுமே சரியான சொல் என்பதால் பல நேரம் அது பேசாமல் விட்டுவிடும்.

அந்த மெஸ்காரரிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பலகையில் கறி சரியாக இருந்தது. வறுவல்தான் ‘வருவல்’ ஆகியிருந்தது.