அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்த பிள்ளைக்கு வீட்டார் செய்ய வேண்டியவை

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் வந்து ரத்தத்தோடு பேதியாகும் நீண்டகால நோய். முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள்: இது நீ பரோட்டா சாப்பிட்டதால் வந்ததல்ல. குறை சொல்லிக்கொண்டே இருந்தால் ரத்தம் போவதைக்கூட மறைத்துவிடுவார்கள்.

டாக்டரின் கடிதத்தோடு வகுப்பாசிரியரைப் பாருங்கள். கதவோரம் இடம், கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதி, இரண்டும் வேண்டும். பையில் மாற்று உள்ளாடை, டிஷ்யூ, சின்ன சோப்பு, ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கட்டும்.

குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மருந்தைக் குடல்வரை கொண்டுசேர்ப்பது அதன் மேலுறைதான். உடம்பு தேறியதும் பலரும் இதை நிறுத்துவார்கள், நோய் திரும்பிவிடும்.

ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனில்தான் அதிகக் கவனம் தேவை. முகம் உப்பும், பரு வரும். வெட்கப்பட்டு ரகசியமாக நிறுத்திவிடுவார்கள். சில வாரம் சாப்பிட்டபின் திடீரென நிறுத்தினால் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு போதாமல் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முகம் பழையபடி ஆகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம்; இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். பேதியை நிறுத்தும் லோபரமைடை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போனாலும், காய்ச்சலோ வயிற்று உப்பலோ வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.