பிரித்தானியாவில் முடக்கம் என்றால் யாருக்கு? திருகோணமலையில் இருந்து சரிபார்க்கும் முறை

கொவிட் முடக்க காலத்தில், 2020 நவம்பர் 10ஆம் திகதி லண்டனில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் முடியும். வேல்ஸ் ஒக்டோபர் 23 மாலை 6 மணிக்கு மூடி, நவம்பர் 9இல் திறந்துவிட்டது. இங்கிலாந்து நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை மூடியிருந்தது. ‘பிரித்தானியா’ என்று மட்டும் சொல்லும் செய்தியை நம்பிப் பிள்ளைக்கு ரிக்கற் போடாதீர்கள். சுகாதாரம் ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசுகளின் கையில் இருக்கிறது. பிரித்தானியப் பிரதமர் அறிவிக்கும் சுகாதாரக் கட்டுப்பாடு பெரும்பாலும் இங்கிலாந்துக்கு மட்டுமே.

முதலில் பிள்ளையின் விலாசத்தில் உள்ளூராட்சி சபையின் பெயரைப் பாருங்கள். தபால் குறியீடு மட்டும் போதாது: ‘சிஎச்’ என்று தொடங்குபவற்றில் செஸ்டர் இங்கிலாந்தில், டீசைட் வேல்ஸில். பிறகு ஒழுங்குவிதியின் தலைப்பு. எந்த நாட்டுக்கானது என்பது அநேகமாக அதிலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

அடுத்தது சட்டமா, ஆலோசனையா என்பது. ஆங்கில வாசகத்தில் ‘மஸ்ட்’ என்றால் பொதுவாகச் சட்டம், ‘ஷுட்’ என்றால் ஆலோசனை. இரண்டு மீற்றர் இடைவெளி இங்கிலாந்தில் ஆலோசனையாக இருந்தபோது, வேல்ஸில் அதற்கு ஏற்பாடு செய்வது வேலைத்தலங்களின் சட்டக் கடமை.

அதிகம் பிழை வருவது ஆட்களை எண்ணுவதில்தான். 2020 செப்டெம்பர் 14இல் வந்த, ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற ‘ஆறு பேர்’ விதியில் இங்கிலாந்து கைக்குழந்தையையும் எண்ணியது. வேல்ஸ் 11 வயதுக்குக் குறைந்தோரையும், ஸ்கொட்லாந்து 12 வயதுக்குக் குறைந்தோரையும் விட்டுவிட்டன. அதே வாரம் கிளாஸ்கோவில் வீட்டுக்கு வீடு போகவே தடை. ஆகவே நாட்டு விதியைப் பார்த்ததும் நிறுத்தாமல், உள்ளூர் விதி மேலே ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விமானம் என்றால் இறங்கும் இடமே முக்கியம். 2021 பெப்ரவரி 15 முதல் வெளிநாட்டில் இருந்து நேரே ஸ்கொட்லாந்தில் இறங்கிய ஏறத்தாழ எல்லோருக்கும் ஹோட்டல் தனிமைப்படுத்தல். இங்கிலாந்தில், தொற்று ஆபத்து அதிகம் என்று குறித்த ‘சிவப்புப் பட்டியல்’ நாடுகளில் இருந்து வந்தோருக்கு மட்டும். இலங்கை அந்த ஆண்டு யூன் 8 முதல் செப்டெம்பர் 22 வரை அந்தப் பட்டியலில் இருந்தது. பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 1,750 பவுண். ஓகஸ்ட் 12 முதல் 2,285.

கடைகளை மூடும் அதிகாரம் கார்டிஃபிடம் இருந்தாலும், வேலை நின்றவர்களின் சம்பளத்துக்கான திட்டம் லண்டன் திறைசேரியிடம் இருந்தது. எங்கள் பார்வையில் இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான். ஆகவே சம்பள உதவியைத் தனியாக விசாரியுங்கள்.

அங்கிருந்து ஊருக்கு வருவோர் தலைகீழாக, மத்திய அரசின் விதியை முதலில் பார்க்க வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சுகாதாரத்தை மாகாண நிரலில் வைத்தாலும், முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி எல்லாம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஒக்டோபரில் கொழும்பில் இருந்து வர்த்தமானியாக வந்தவை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலேயே முடிந்திருந்ததால் அப்போது இங்கே சபையும் இல்லை. 2021 மே மாதம் மாகாணம் தாண்டத் தடை வந்தபோது வட மத்திய மாகாணத்து ஹபரணையில் இருந்து கிழக்கு மாகாணத்துக் கந்தளாய்க்கு வருவதும் அதற்குள் அடங்கியது. மாகாண எல்லையைக் கோடாக எடுத்தாலும் தடை போட்டது மத்திய அரசு.

எனவே விதிக்கு வர்த்தமானியைப் பாருங்கள். நடைமுறைக்குத் தங்கப்போகும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கேளுங்கள். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் தனித்தனிப் பணிமனைகள். கேட்கும்போது ஊர்ப் பெயரோடு கிராம சேவகர் பிரிவையும் சொல்லுங்கள். பல முடக்கங்கள் அந்த அளவிலேயே போடப்பட்டன.