டோ லாரிக்குச் சொல்லுமுன்: பழைய காடியை வழியனுப்பும் முறை

காடியை, அதாவது காரை, இழுத்துச் செல்லும் டோ லாரி வாசலில் வந்து நின்ற பிறகு உங்களுக்குச் சாவியைக் கொடுப்பது ஒன்றுதான் வேலையாக இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இருபது, முப்பது வருடம் ஓடிய சாகாவோ கஞ்சிலோ தெருமுனை திரும்பி மறைந்தாலும், மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவில் உங்கள் பெயர் இருக்கும்வரை அது உங்கள் காடிதான். யார் ஓட்டிப் பிடிபட்டாலும் சம்மன் உங்கள் வீடு தேடித்தான் வரும்.

முதலில் கிரானை, அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தை, எடுத்துப் பெயரைப் பாருங்கள். அப்பா தவறிப் பல வருடமாகியும் காடி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அம்மாவோ பிள்ளைகளோ கையெழுத்துப் போட்டு அதை விற்க முடியாது. உயில் எழுதாமல் போயிருந்து, விட்டுச் சென்ற அசையும் சொத்தும் 6 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அமானா ராயா நிறுவனத்தில் மனு கொடுக்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் மைகார்டு (அடையாள அட்டை), பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் எல்லாம் கேட்பார்கள். ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. ஆகவே இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

அடுத்தது வங்கி. கடன் எப்போதோ அடைந்திருக்கும், வங்கியின் உரிமைக்கோரல் மட்டும் பதிவில் அப்படியே கிடக்கும். அதை ரத்து செய்யச் சொல்லுங்கள். போலீஸ், ஜேபிஜே, நகராண்மை மூன்றிலும் சம்மன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கரும்பட்டியலில் இருந்தால் பெயர் மாற்றம் நகராது. குடும்பமே மனப்பாடமாக வைத்திருக்கும் கோலாலம்பூர் 'டபிள்யூ' எண்ணையோ பினாங்கு 'பி' எண்ணையோ புதிய காடிக்குக் கொண்டுபோக ஆசை இருந்தால், பழைய காடி உங்கள் பெயரில் இருக்கும்போதே ஜேபிஜேயில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். விற்ற பிறகோ பதிவை ரத்து செய்த பிறகோ வருந்திப் பயனில்லை.

ஓடுகிற காடி என்றால் விற்கலாம். பெயர் மாற்றத்துக்கு முன் பி5 என்கிற வாகனச் சோதனை உண்டு. பழைய காடிகள் அங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரில்தான். பினாங்குக் கடற்காற்றில் நின்ற காடி என்றால் சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் துரு ஏறி எழுத்தே தெரியாது. அவசரப்பட்டு மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கினால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும், அதன்பின் அலைச்சல்தான். பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் நனைத்து மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பெயர் மாற்றக் கட்டணம் 100 வெள்ளி. "கிரானைக் குடுத்துட்டுப் போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்கிற தரகரிடம் கையெழுத்திட்ட படிவத்தை விட்டு வரவே கூடாது. வாங்குபவரோடு கவுண்டருக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வருவதுதான் நல்லது.

ஓடாத காடியை எடைக்குப் போடும்போது, சுற்றுச்சூழல் துறை உரிமம் உள்ள இடமாகத் தேடுங்கள். பழைய பேட்டரி, கழிவெண்ணெய் இரண்டும் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவுகள், அதாவது அபாயக் கழிவுகள். சாக்கடையில் ஊற்றுகிற பொருளல்ல. இப்படிப்பட்ட இடத்தில் அழிப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள், ஜேபிஜே பதிவை ரத்து செய்ய அது கைகொடுக்கும். தெருவில் வரும் இரும்புக்காரர் நூறு வெள்ளி கூடுதலாகத் தரலாம், ஆனால் சான்றிதழ் தரமாட்டார். உங்கள் கிரானும் நம்பர் பிளேட்டும் வேறொரு காடிக்கு முகமூடியாகப் போகும் ஆபத்து அங்கேதான். விலை பேசும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள். கஞ்சில் எடை குறைந்த காடி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் உள்ள, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அலுமினிய ரிம்மும் காடியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் விலை மாறும். பினாங்குத் தீவில் இருப்பவர்கள் டோ கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். ஃபெரி இப்போது காடிகளை ஏற்றுவதில்லை. பெருநிலத்துக்குப் போக பாலம்தான் வழி.

மாதக்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டே நின்ற காடியில் பின்சக்கர டிரம்மோடு பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். லாரிக்காரர் அப்படியே இழுத்தால் டயர் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வரும். முதல் நாளே முன்சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, டிரம்மின் விளிம்பை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். பிறகு கல்லை எடுத்துவிட்டு, காடியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்'கென்று விடும். டயருக்குக் காற்றும் அடித்து வையுங்கள்.

டேஷ்போர்டுப் பிள்ளையாரைப் பிடுங்காதீர்கள், பாதம் உடைந்துவிடும். ஹேர்டிரையரால் இரண்டு நிமிடம் சூடேற்றி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு ரம்பம்போல் இழுத்தால் முழுசாக வந்துவிடுவார். முன்னால் உள்ள சின்னத்துக்கும் இதே வித்தைதான். சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்கிற வழக்கமிருந்தால், லாரி எந்தப் பக்கமாக இழுக்கும் என்று கேட்டுவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பழம் நசுங்காமல் கிடக்கும், பாட்டிக்கு மனசு ஆறாது.

டோல் கட்டும் டச் அண்ட் கோ ஆர்எஃப்ஐடியை இ-வாலட்டில் ரத்து செய்துவிட்டு ஸ்டிக்கரையும் கிழித்தெடுங்கள். ஸ்மார்ட்டேக் என்கிற டோல் கருவி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புறுதியில் இழப்பீடு கோராமல் சேர்த்த தள்ளுபடியான என்சிடி, 55 விழுக்காடு வரை, காடிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம்; அடுத்த காடிக்கு மாற்றச் சொல்லுங்கள். பாலிசியில் மிச்சமுள்ள மாதங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

சில நாள் கழித்து மைஜேபிஜே செயலியைத் திறந்து பாருங்கள். பழைய எண் இன்னும் உங்கள் பெயரில் காட்டினால், சான்றிதழ் நகலை எடுத்துக்கொண்டு அந்த வாரமே கவுண்டருக்குப் போங்கள்.