பிஎம்எஸ்ஸுக்கு எந்த அளவு வயர்?

பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியின் செல்களைக் காக்கும் சர்க்யூட்) மேல் 100 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வயர் வாங்காதீர்கள், முதலில் உங்கள் லோடு எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 1000 வாட் இன்வெர்ட்டர் என்றால், சார்ஜ் இறங்கி வோல்டேஜ் 11க்கு வரும்போது, இன்வெர்ட்டர் தின்னும் நஷ்டத்தையும் சேர்த்து, கரண்ட் 100 ஆம்பியரைத் தொட்டுவிடும்.

இதற்கு 10 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால், போக வர 2 மீட்டரிலேயே சுமார் 34 வாட் சூடாகப் போகும். 25 போட்டால் 14 வாட்தான். நான் 25க்குக் கீழே இறங்கமாட்டேன். நீளம் கூடினால் 35.

பிஎம்எஸ்ஸின் பேட்டரி மைனஸ், லோடு மைனஸ் இரண்டிலும் முழு கரண்டும் ஓடும், அதனால் இரண்டும் ஒரே தடிமனில் இருக்கட்டும். செல்களின் வோல்டேஜைச் சமப்படுத்த பிஎம்எஸ்ஸிலிருந்து ஒவ்வொரு செல்லுக்கும் போகும் பேலன்ஸ் வயர் மெல்லியதாக இருந்தால் போதும், ஆக்டிவ் பேலன்சர் (ஒரு செல்லின் சார்ஜை இன்னொன்றுக்கு மாற்றுவது) என்றால் மட்டும் அதன் ஆம்பியரைப் பாருங்கள். அப்புறம் ஃபியூஸ்: பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே, வயர் தாங்கும் அளவை மீறாமல்.

வயர் முனையில் மாட்டும் லக் லூசாக இருந்தால் எவ்வளவு தடித்த வயரும் வீண்.